மொட்டை மாடியில் கேட்டதாக நான் சொன்னது

பிப்ரவரி 3, திங்கள்

கணக்கு டீச்சர் இன்று வரவில்லை. கிடைத்த பீரியடில் நூலகத்து வானியல் புத்தகத்தை மேசைக்கடியில் வைத்துப் படித்தேன். சில நட்சத்திரங்களிலிருந்து கிளம்பிய ஒளி நம்மிடம் வந்து சேர ஆயிரக்கணக்கான வருடங்கள் ஆகிறதாம். மனசு தாங்காமல் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னேன். "பரீட்சைக்கு வருமா?" என்று கேட்டாள். வராது என்றேன். "அப்போ விடு" என்றாள்.

வாலிபர் கூட்டத்துக்குப் போதகர் கொடுத்த வேலையை இன்னும் செய்யவில்லை. இந்த வாரத்தில் ஒருநாள் சாயங்காலம், கையில் போனும் புத்தகமும் இல்லாமல், தனியாக வெளியே நின்று வானத்தைப் பார்க்க வேண்டும். படைத்தவரைப் பற்றி வானம் நமக்கு என்ன காட்டியது என்று சனிக்கிழமை எழுந்து நின்று சாட்சி சொல்ல வேண்டும். "புத்தகத்துல இருக்கிறத என்கிட்ட ஒப்பிக்காதீங்க, நானும் படிச்சிருக்கேன். நீங்க பார்த்ததச் சொல்லுங்க" என்றார். அப்போது என்னைப் பார்த்துத்தான் சிரித்தார் என்று நினைக்கிறேன்.

அண்ணன் சாப்பிடும்போது கேட்டான்: "என்ன போதகரம்மா, பிரசங்கம் ரெடியா? காணிக்கைத் தட்டு நான் தூக்கறேன்."

நன்றாகச் சொல்ல வேண்டும். எல்லாரையும்விட நன்றாக. இது பெருமையா? இல்லை. ஆண்டவருக்காகத்தானே.

பிப்ரவரி 5, புதன்

ஏழு மணிக்கு மொட்டை மாடிக்குப் போனேன். கொடியில் மாடி வீட்டு அத்தையின் வெள்ளைக் கோட்டுகள் தொங்கிக்கொண்டிருந்தன. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று மேலே பார்த்தேன்.

நிலாவோடு இன்னொரு நிலா ஒட்டிக்கொண்டிருந்தது. மற்றபடி இருட்டு. கரும்பலகையைச் சரியாகத் துடைக்காமல் விட்டால் அங்கங்கே சாக்பீஸ் தூள் தேய்ந்திருக்குமே, அதுபோல நாலைந்து இடத்தில். இதற்கா இவ்வளவு எழுதி வைத்திருக்கிறார்கள்? எழுதுகிறவர்கள் நட்சத்திரங்களைக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறார்கள் என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம் உண்டு. காதலைச் சொல்வதுபோல.

ஜெபம் செய்தேன். "ஆண்டவரே, எனக்கு ஏதாவது காட்டும்" என்றேன். கொசு கடித்தது. இறங்கி வந்துவிட்டேன்.

ஒன்றும் தோன்றவில்லை என்று எழுதக் கை வரவில்லை. ஆனால் ஒன்றும் தோன்றவில்லை.

பிப்ரவரி 8, சனி

சொல்லிவிட்டேன்! எல்லாரும் கைதட்டினார்கள். சாட்சிக்கு யாரும் கைதட்டுவதில்லை, இன்று தட்டினார்கள்.

எனக்கு முன்னால் பேசினவர்கள் எல்லாம் ஒரு வரி, இரண்டு வரி. தபேலா வாசிக்கிற பையன் எழுந்து, "கொசு கடிச்சுது. வேற ஒண்ணும் தெரியல. ஆனா கொசுவையும் அவர்தான் படைச்சாரு" என்று சொல்லி உட்கார்ந்தான். போதகரே சிரித்துவிட்டார்.

பிறகு என் முறை. எண்ண எண்ண நட்சத்திரங்கள் பெருகிக்கொண்டே போயின என்றேன். எண்ணிக்கை தவறிய இடத்தில் முழங்கால் தானாக மடங்கியது என்றேன். இத்தனை சூரியன்களைப் பேர் சொல்லி நடத்துகிறவர் என்னையும் பேர் சொல்லி அழைத்ததுபோல் இருந்தது, நான் தனியாக இல்லை என்று தெரிந்தது என்றேன். கடைசியில் என் குரல் நடுங்கியது. அது மட்டும் நிஜம்.

போதகரின் மனைவி என் கன்னத்தைத் தட்டி, "இந்த வயசுல இப்படி ஒரு அனுபவமா!" என்றார்.

இப்போது படுக்கையில் உட்கார்ந்து யோசித்தால் — எல்லாம் நடக்கக்கூடியதுதானே? யாருக்கோ நடந்திருக்கும். நான் அவர்களுக்காகச் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

நேற்று நான் பேசியதைப் போதகர் போனில் பதிவு செய்திருக்கிறார். ஆராதனை முடிந்ததும் சபை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். மாமா அதை மாடி வீட்டுச் சமையலறையில் சத்தமாக வைத்துக் கேட்டிருக்கிறார். அத்தையும் கேட்டிருக்கிறாள்.

அத்தை அப்பாவின் தங்கை. அவளும் மாமாவும் எங்கள் வீட்டு மாடியில்தான் இருக்கிறார்கள். பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிற வேலை. எப்படிப்பட்ட குண்டுக் கையிலும் நரம்பைக் கண்டுபிடித்துவிடுவாள். போன வருடம் அவளுக்குப் பாப்பா பிறந்தது. ஒரு முழு நாள்கூட இருக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் சபைக்கு வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கிளம்பும்போது கோட்டுகளைத் துவைக்க ஊறவைப்பாள். பாப்பாவைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. பேச்சு அந்தப் பக்கம் போனால் அம்மா எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

மாமா சொன்னார்: "அவ ஒண்ணும் சொல்லல. ஆனா மறுபடி ஒரு தடவ போடச் சொன்னா."

பிப்ரவரி 11, செவ்வாய்

மாடிப்படியில் அத்தை என்னைப் பார்த்துச் சிரித்தாள். திருப்பிச் சிரிக்க முடியவில்லை. ஏன்?

பிப்ரவரி 17, திங்கள்

இதை எழுதித்தான் ஆக வேண்டும்.

டியூஷனிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அத்தை மேலிருந்து கூப்பிட்டாள். போனேன். மொட்டை மாடியில் நின்றிருந்தாள்.

"நீ அன்னைக்கு எங்க நின்னு பார்த்த?"

"இங்கதான் அத்தை. தொட்டிப் பக்கத்துல."

வந்து அதே இடத்தில் நின்றாள். அண்ணாந்து பார்த்தாள். நானும் பார்த்தேன், எனக்கு அதே தேய்ந்த சாக்பீஸ்.

"அதோ சிவப்பா ஒண்ணு மினுக்குதே, அது என்ன?"

சிவப்பாக ஏதோ கசிந்த மாதிரி இருந்தது. "செவ்வாய் கிரகம் அத்தை" என்றேன்.

"கிரகம் மினுக்குமா?"

"சில நேரம்."

பிறகு, "அந்த ஆடியோவ ட்யூபுக்கு லேபிள் ஒட்டும்போதுகூடக் காதுல மாட்டிக் கேட்டேன். பக்கத்துல இருக்கவ, பாட்டு கேக்கறேன்னு நினைச்சுக்கிட்டா" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "தனியா இல்லன்னு தெரிஞ்சுதுன்னு சொன்னியே கண்ணு. எப்படித் தெரிஞ்சுது? குரல் மாதிரி ஏதாவது கேட்டுதா?"

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். 'ம்ம்' என்றேன்.

அப்போது அத்தை சொல்ல ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரியில் அன்று நடந்தது. பாப்பாவின் கை எவ்வளவு சின்னது, அந்தக் கையில் ஊசி போட நர்ஸ் நரம்பு தேடியது, தனக்கே அந்த நரம்பு தெரிந்தும் எழுந்து போய்க் காட்ட முடியாமல் கட்டிலில் கிடந்தது. "எவ்வளவு கெஞ்சினேன் தெரியுமா? அவர்கிட்ட இருந்து ஒரு சத்தம் வரல. அப்புறம் நானும் பேசறத நிறுத்திட்டேன்." கொடியைப் பிடித்துக்கொண்டாள். கோட்டுகள் எல்லாம் ஆடின. "உன்கிட்ட பேசினாரே... பாப்பா பத்தி ஏதாவது சொன்னாரா?"

என்ன சொல்லியிருக்க வேண்டும்? இல்லை என்று. ஒரு வார்த்தை.

நான் சொன்னது: "சொன்னார் அத்தை. பாப்பா என்கிட்ட இருக்கு, இப்போ அதுக்கு வலி இல்லன்னு."

அத்தை என் தலையைத் தன் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அவள் நினைத்த காரணத்துக்காக இல்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

பாப்பா ஆண்டவரிடம் இருக்கிறது என்று நானும்தான் நம்புகிறேன். அப்படியானால் நான் சொன்னது பொய்யா? நம்புவது வேறு, கேட்டேன் என்பது வேறு. அவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததை அவர் வாயில் வைத்துவிட்டேன். ஆண்டவர் வாயில்! யாராவது என் வாயில் இப்படி வைத்தால் நான் சும்மா இருப்பேனா?

ராத்திரி ஜெபம் செய்யவில்லை. எந்த முகத்தோடு?

பிப்ரவரி 20, வியாழன்

பள்ளியில் கண் பரிசோதனை. வருடா வருடம் வருவார்கள். வருடா வருடம் நான் செய்வது: வரிசையில் கடைசியில் நின்று, முன்னால் போகிறவர்கள் எழுத்துகளைப் படிக்கும்போது கேட்டு மனப்பாடம் செய்து, என் முறை வந்ததும் கடகடவென்று ஒப்பிப்பது. எனக்குக் கொஞ்சம் மங்கல் என்று தெரியும். கொஞ்சம்தான் என்று நினைத்திருந்தேன். கண்ணாடி வந்தால் கதைப் புத்தகத்துக்குப் பூட்டு என்று அம்மா சின்ன வயதிலிருந்தே சொல்லி வைத்திருக்கிறாள்.

இன்றும் ஒப்பித்தேன். கண் டாக்டரம்மா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "ரொம்ப நல்லா சொன்ன. ஆனா அது போன பொண்ணோட அட்டை. நான் அதைக் கழட்டிட்டேன். இப்போ அங்க வெறும் சுவர்தான் இருக்கு" என்றார்.

முடித்துவிட்டு நின்றவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

வெறும் சுவரைப் பார்த்துப் படித்திருக்கிறேன். மாடியில் செய்ததும் இதேதான்.

அம்மாவிடம் சீட்டைக் கொடுத்தேன். "படிச்சுப் படிச்சு" என்று ஆரம்பித்தவள், சீட்டில் இருந்த எண்ணைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். "எத்தன வருஷமாடி?" என்றாள். தெரியாது என்றேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் நீ மறைச்ச, இல்ல?" என்று கேட்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 24, திங்கள்

கண்ணாடி வந்துவிட்டது.

கடை வாசலில் மரம் இருக்கிறது. மரம் என்றால் பச்சையாக ஒரு குவியல், கீழே ஒரு தண்டு, அவ்வளவுதான் எனக்கு. இன்று ஒவ்வொரு இலையும் தனித்தனியாக இருந்தது. அவ்வளவு உயரத்தில் இருக்கிற இலைக்கும் ஓரம் இருக்கிறது. காற்றில் ஒவ்வொன்றும் வேறு வேறு மாதிரி திரும்புகிறது. நடுத்தெருவில் நின்றுவிட்டேன். அண்ணன், "போதகரம்மா, பின்னாடி பஸ்" என்று கையைப் பிடித்து இழுத்தான். எனக்கு மட்டும் தெரியாமல் எல்லாருக்கும் இது தினமும் தெரிந்துகொண்டிருந்ததா? தெரிந்துமா சும்மா நடந்து போகிறார்கள்?

சாயங்காலம் இருட்டும்வரை காத்திருந்து மேலே போனேன்.

எப்படி எழுதுவது. ஏற்கெனவே எல்லா வார்த்தைகளையும் செலவழித்துவிட்டேன். 'எண்ண முடியாத', 'முழங்கால் மடங்கியது' — எல்லாவற்றையும் பார்க்காமலே சொல்லி முடித்துவிட்டேன். இப்போது நிஜமாகவே அவை அங்கே இருந்தன, என்னிடம் ஒரு வார்த்தையும் மிச்சமில்லை.

பொடிப் பொடியாக, கூர்மையாக, ஒன்றுக்குப் பின்னால் இன்னொன்று. சில நீலம், ஒன்று செம்மஞ்சள். மூன்று மட்டும் வரிசையாக நின்றன. மேற்கே தள்ளி, வேதத்தில் அறுமீன் என்று வருகிற அந்தக் கார்த்திகைக் கூட்டம் — ஒரு கைப்பிடிக்குள் அடங்குகிற அளவு. அதைப் பற்றி நான் இரண்டு பக்கம் படித்திருக்கிறேன். இவ்வளவு சின்னதாக, இவ்வளவு அழகாக இருக்கும் என்று எந்தப் பக்கத்திலும் இல்லை.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பயம் வந்தது. நான் பொய் சொன்ன அன்றும் இவை இங்கேயேதான் இருந்தன. நான் மங்கலாகப் பார்த்த அத்தனை வருடமும் இருந்தன. யாரும் பார்க்காவிட்டாலும் இவ்வளவு வெளிச்சத்தையும் அவர் கொஞ்சம்கூடக் குறைக்கவில்லை. நானோ நாலு பேர் பார்க்க வேண்டும் என்றுதான் வாயைத் திறக்கிறேன்.

அத்தையிடம் நான் சொன்ன செவ்வாய், செல்போன் கோபுரத்தின் உச்சி விளக்கு. இரும்புக் கம்பிகள்கூடத் தெரிகின்றன.

பிப்ரவரி 25, செவ்வாய்

வானம் எதுவும் பேசுவதில்லை. பேசாமலே அவர் எப்படிப்பட்டவர் என்று காட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குப் போய் நான் குரல் கொடுத்திருக்கிறேன், என் குரலை.

அத்தையிடம் சொல்ல வேண்டும். நாளை.

பிப்ரவரி 26, புதன்

சொல்லவில்லை.

பிப்ரவரி 27, வியாழன்

மாமா குளிர்பதனக் கிடங்கில் இரவு வேலைக்குக் கிளம்பும்போது என்னை வாசலில் நிறுத்தினார். "ஞாயித்துக்கிழமை உங்க அத்தை சர்ச்சுக்கு வர்றா. எழுந்து நின்னு ரெண்டு வார்த்தை சாட்சி சொல்லப் போறாளாம். பாப்பா பத்தி ஆண்டவர் உன் மூலமா பேசினத. போதகர்கிட்டயும் சொல்லிட்டா." செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "ஒரு வருஷமா அந்த வீட்ல நாங்க ரெண்டு பேரும் எப்படி இருந்தோம்னு உனக்குத் தெரியாது. நேத்து என்கூட உக்காந்து சாப்பிட்டா. உன்னால."

உன்னால!

இப்போது சொன்னால் அத்தையிடமிருந்து அதைப் பிடுங்குகிறேன். சொல்லாவிட்டால் சபை முன்னால் அத்தை எழுந்து நின்று என் பொய்யைத் தன் வாயால் சொல்வாள், ஆண்டவர் பேரால். அவளுக்கு அது பொய் என்று தெரியாது. ஆண்டவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து ஆமென் சொல்வேனா?

அம்மா கூப்பிட்டும் சாப்பிடப் போகவில்லை.

மார்ச் 1, சனி

சொல்லிவிட்டேன்.

அத்தை நாளைக்கு உடுத்துவதற்கான புடவையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். "வா வா, கண்ணாடி உனக்கு நல்லாத்தான் இருக்கு. பெரிய டீச்சர் மாதிரி" என்றாள். நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று தெரியும்.

"அத்தை, அன்னைக்கு எனக்கு நட்சத்திரமே தெரியல. கண்ணு தெரியாது. புத்தகத்துல படிச்சதச் சொன்னேன்."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "சரி, அது பரவாயில்ல—"

"பாப்பா பத்திச் சொன்னதும்."

"என்ன சொன்னதும்?"

"ஆண்டவர் என்கிட்ட சொன்னார்னு சொன்னேன்ல. சொல்லல அத்தை. எனக்கு எதுவும் கேக்கல. நானாத்தான் சொன்னேன்."

அத்தை குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள். பெட்டி ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று தோன்றியது.

"நீயாவா?"

"ஆமா அத்தை."

"நான் உன்கிட்ட என்னெல்லாம் சொன்னேன் அன்னைக்கு. உங்க அப்பாகிட்டகூட அதெல்லாம் சொல்லல. நீயும் தலையாட்டிட்டு நின்ன." குரல் உயரவே இல்லை. "ரத்தம் எடுக்க வர்றவங்க, வலிக்குமான்னு கேப்பாங்க. சின்னப் புள்ளைங்களும் கேக்கும். வலிக்காதுன்னு நான் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல."

"அத்தை, மன்னிச்சிடுங்க, நான்—"

"கீழ போ."

போகவில்லை, நின்றேன். "போன்னு சொல்றேன்ல!" — இதுதான் அவள் கத்தினது. இதற்கு முன்னால் என்னிடம் அவள் கத்தியதே இல்லை.

இஸ்திரி போட்ட புடவையை மடிக்காமல் அப்படியே சுருட்டி அலமாரியில் திணித்தாள். கதவு இடுக்கில் பார்த்தேன். அதையும் பார்த்திருக்கக் கூடாது.

மார்ச் 2, ஞாயிறு

அத்தை வரவில்லை. மாமா தனியாக வந்தார், பாதியில் எழுந்து போய்விட்டார். வீட்டு வாசலில் என்னிடம், "என்ன பண்ணித் தொலைச்ச?" என்று மட்டும் கேட்டார்.

மாடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கிறது. கோட்டுகளை ஊறவைக்கிறாள்.

மார்ச் 4, செவ்வாய்

வீட்டில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அம்மா ஒன்றும் திட்டவில்லை. என் தட்டில் சாதத்தைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்பா லாரியில் வெளியூர் போயிருக்கிறார். போனில் அம்மா மெதுவாகச் சொல்வது கேட்டது. 'உங்க தங்கச்சி' என்றும் 'உங்க பொண்ணு' என்றும் மாறி மாறி.

அண்ணன் என் அறைக்கு வந்து உட்கார்ந்தான். போதகரம்மா என்று கூப்பிடவில்லை. "ஏன் சொன்ன? அத்தை சந்தோஷமாத்தானே இருந்தாங்க. அப்படியே விட்டிருக்கலாம்ல?"

"அது அவர் கொடுத்தது இல்லடா" என்றேன். "நான் கொடுத்தது. என்கிட்ட அப்படி ஒண்ணும் இல்ல கொடுக்க."

"புரியல" என்றான். எனக்கும் சரியாகப் புரியவில்லை. என் மேசை விளக்கை அணைத்துவிட்டு, "கண்ணுக்கு ரெஸ்ட் குடு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மார்ச் 8, சனி

கூட்டத்துக்கு அரைமணி முன்னாலேயே போய்ப் போதகரிடம் சொன்னேன். நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தவர், ஒரு நாற்காலியைக் கையில் பிடித்தபடியே கேட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அந்த ஆடியோவ நான் மத்த சபை போதகருங்களுக்கெல்லாம் அனுப்பிட்டேனேம்மா..." என்றார். அவருக்கும் வெட்கம். இதை நான் எதிர்பார்க்கவில்லை. என் பொய் எத்தனை பேர் முகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது!

கூட்டத்தில் நானே சொல்கிறேன் என்றேன். "வேணுமா? இதோட விட்டுடலாமே, எல்லாரும் மறந்துடுவாங்க" என்றார். வேண்டும் என்றேன். இந்த முறை எழுதிக்கொண்டு போகவில்லை. "போன மாசம் நான் சொன்ன எதையும் நான் பார்க்கல. ஆண்டவர் என்கிட்ட பேசவும் இல்ல. நல்லா இருக்கும்னு சொன்னேன். தப்பு" என்று சொல்லி உட்கார்ந்தேன். நின்றுகொண்டிருந்தபோது எல்லா முகமும் தெளிவாகத் தெரிந்தது. கண்ணாடி போட்டதற்கு இன்றுதான் வருந்தினேன்.

பிறகு தபேலா பையன், "அப்போ அன்னைக்கு நான் சொன்ன கொசுதான் நிஜமான சாட்சியா?" என்றான். ஒருவர் சிரிக்க, எல்லாரும் சிரித்தார்கள். அவனுக்கு நான் எவ்வளவு நன்றிக்கடன் பட்டிருக்கிறேன் என்று அவனுக்குத் தெரியாது.

வெளியே வரும்போது போதகரின் மனைவி கன்னத்தைத் தட்டவில்லை. குடையை விரித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். சரிதான்.

மார்ச் 12, புதன்

அத்தை மாடிப்படியில் எதிரே வந்தாள். ஒதுங்கி வழிவிட்டாள், தெரியாதவர்களுக்கு விடுவதுபோல.

மார்ச் 19, புதன்

பரீட்சைக்குப் படிக்க விடிவதற்கு முன்னால் எழுந்தேன். படிக்க முடியாமல் மேலே போனேன். கீழ்வானம் வெளுக்க ஆரம்பித்திருந்தது. நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக உள்ளே போய்க்கொண்டிருந்தன. அணைவதில்லை, அங்கேயேதான் இருக்கின்றன, வெளிச்சம் வந்து மூடுகிறது. கோபுரத்தில் ஒரு காகம் உட்கார்ந்திருந்தது.

இயேசுவும் இந்த நேரத்தில்தான், இருட்டோடு எழுந்து, தனியாகப் போய் ஜெபம் செய்வார். இதே நட்சத்திரங்களைத்தான் பார்த்திருப்பார். அங்கே என்ன பேசினார், பிதா என்ன சொன்னார் — இறங்கி வந்து அவர் யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை. வந்து, நோயாளிகளைப் பார்க்கப் போய்விட்டார்.

ரொம்ப நாளைக்குப் பிறகு ஜெபம் செய்தேன். எதுவும் கேட்கவில்லை. "ஆண்டவரே, நான் இங்கே இருக்கிறேன். பொய் சொன்னவள்" என்றேன். அதற்குமேல் வரவில்லை. குளிராக இருந்தது. இறங்கிப் போக மனசு வராமல் நின்றேன். யாரோ என்னைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பதுபோல — வேண்டாம். இதை எழுத வேண்டாம். நின்றேன், அவ்வளவுதான்.

மார்ச் 23, ஞாயிறு

அத்தை இன்றும் வரவில்லை. மாமா வந்தார், கடைசிவரை உட்கார்ந்திருந்தார். எனக்குப் பக்கத்தில் இல்லை.

மார்ச் 27, வியாழன்

இருட்டத் தொடங்கிய நேரம். மேலிருந்து குரல்: "ஏய் கண்ணாடி! காத்துல துணியெல்லாம் பறக்குது, வந்து பிடி!"

என்னைத்தான். வீட்டில் கண்ணாடி போட்டவள் நான் மட்டும்தான். ஓடினேன்.

காற்று பலமாக அடித்தது. கோட்டுகள் கொடியைச் சுற்றிச் சுருண்டிருந்தன. அவள் கிளிப்பைக் கழற்ற, நான் வாங்கி மடித்தேன். பாதியில் மின்சாரம் போனது. தெரு முழுக்க இருட்டு. எங்கோ ஒரு வீட்டில் குழந்தைகள் 'ஓ' என்று கத்தினார்கள். தலைக்கு மேல் எல்லாம் வந்துவிட்டன.

அத்தை கையிலிருந்த கோட்டோடு அப்படியே நின்றாள். "சொல்லு. இப்போ உனக்கு என்ன தெரியுது?"

"அங்க மூணு வரிசையா இருக்கு அத்தை. அதுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு செம்மஞ்சளா. அதோ கீழே அறுமீன். ஆறுன்னு சொல்றாங்க, எனக்கு அஞ்சுதான் எண்ண வருது."

"என்ன தோணுது?"

நல்ல வாக்கியங்கள் வந்தன. வந்ததைப் போகவிட்டேன். "வெட்கமா இருக்கு. ஆனா கீழ போகவும் பிடிக்கல."

"அவர் ஏதாவது சொல்றாரா?"

"இல்ல அத்தை. எனக்கு ஒண்ணும் கேக்கல."

"எனக்கும்தான் கேக்கல" என்றாள். மூக்கை உறிஞ்சினாள். "ஆனா நான் பேச ஆரம்பிச்சுட்டேன். அன்னைக்கு நீ சொல்லிட்டுப் போனதும் இங்க வந்து நின்னு கத்தினேன். சின்னப் பொண்ணு வாயிலகூட நீர் பேசமாட்டீரான்னு. மாமா பயந்துட்டாரு. அதுலேருந்து தினம் சண்டைதான். வேலைக்குப் போற பஸ்ல, ரத்தம் எடுக்கும்போது மனசுக்குள்ள, எல்லா இடத்துலயும் அவர்கூட சண்டை." கொஞ்ச நேரம் மேலே பார்த்தாள். "இத்தனையும் செஞ்சு வச்சவர்கிட்ட சண்டை போடாம வேற யார்கிட்ட போடறது?"

கையில் இருந்த கோட்டை மடித்து முடித்தேன்.

"உன்மேல கோவம் இன்னும் போகல."

"சரி அத்தை."

இன்னொரு கோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். வாங்கி மடித்தேன். காற்று கொஞ்சம் குறைந்திருந்தது.

"பாப்பாவுக்குப் பேர் வச்சிருந்தேன்" என்றாள். "ஒருத்தரும் கேக்கவே இல்ல."

கேட்டேன்.

சொன்னாள். மெதுவாக, ஒரே ஒரு முறை. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, மேலே பார்த்துத்தான் சொன்னாள்.

மின்சாரம் வந்தது. பாதி நட்சத்திரங்கள் மறைந்துவிட்டன. துணிகளை ஆளுக்குப் பாதி சுமந்துகொண்டு இறங்கினோம். அவர்கள் வாசலில் என் கையில் இருந்ததையும் வாங்கிக்கொண்டு, காலால் கதவைத் தள்ளி உள்ளே போனாள்.

அம்மா, "மேல இவ்வளவு நேரம் என்னடி பேசினீங்க?" என்று கேட்டாள். அத்தையிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

அந்தப் பேரை இங்கே எழுதப்போவதில்லை.